கோவையிலிருந்து ஒரே நாளில் காட்டுப்பறவை: கோத்தகிரியா, டாப்சிலிப்பா, வால்பாறையா, ஆனைகட்டியா?

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்கே எத்தனை வகைப் பறவை இருக்கு?" ஒரு நாள் பயணத்துக்கு இந்தக் கேள்வியால் பிரயோசனம் இல்லை. இருநூறு வகை இருக்கிற காட்டுக்குப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கொண்டைக்குருவியும் மைனாவும்தான் மிச்சம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: காலை ஆறே முக்காலுக்கு நான் காட்டுக்குள் நின்றுகொண்டிருப்பேனா, இல்லை சோதனைச்சாவடியில் நின்றுகொண்டிருப்பேனா?

வேடந்தாங்கல் மாதிரி நீர்ப்பறவை இடங்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. கூடு கட்டிய நாரை நண்பகலிலும் அதே மரத்தில்தான் இருக்கும். காட்டுப்பறவை அப்படியில்லை. இரவெல்லாம் பட்டினி கிடந்த சின்ன உடம்பு விடிந்ததும் இரை தேடியாக வேண்டும். அந்த நேரத்தில்தான் அது கூப்பிடும், கிளை விட்டுக் கிளை தாவும், கண்ணில் படும். வெயில் ஏறி ஒன்பதரை, பத்து ஆனதும் காடு அடங்கிவிடும். சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடி கொஞ்சம் உயிர் வரும், ஆனால் அப்போது நீங்கள் மலை இறங்க வேண்டிய அவசரத்தில் இருப்பீர்கள். ஆக, ஒரு நாள் பயணம் என்று நாம் சொல்வதன் மதிப்பு உண்மையில் மூன்று மணி நேரம். கோவையில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சூரியன் உதிப்பது 6.40 வாக்கில், ஜூனில் ஆறு மணிக்கு. அடர்ந்த காட்டின் தரைக்கு வெளிச்சம் வர இன்னும் இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "அரிய பறவை" என்ற சொல். இதில் மூன்று விதம் கலந்து கிடக்கிறது. ஓரிடத்துக்கே உரியவை ஒன்று: நீலகிரி சிரிப்பான் உலகத்திலேயே நீலகிரிப் பகுதியில்தான் உண்டு, ஆனால் கோத்தகிரிக்காரர்களுக்கு அது தோட்டத்து வேலியில் சத்தம் போடும் சாதாரணக் குருவி. ஒளிந்திருப்பவை இன்னொன்று: தவளைவாயன் பக்கத்து மூங்கில் புதரிலேயே இருக்கும், காய்ந்த இலைக்கொத்து என்று நினைத்து நூறு பேர் தாண்டிப் போவார்கள். மூன்றாவதுதான் நிஜமாகவே எண்ணிக்கை குறைந்து, எப்போதாவது தென்படுகிறவை. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் வகையைக் குறிவையுங்கள். சரியான உயரத்தில், சரியான காட்டில், சரியான நேரத்துக்குப் போய் நின்றால் அது அநேகமாகக் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு இடம் தெரிந்த வழிகாட்டி வேண்டும். மூன்றாவது அதிர்ஷ்டம், அதற்காகத் திட்டம் போடாதீர்கள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான்கு இடங்களையும் பார்ப்போம்.

கோத்தகிரி, லாங்வுட் சோலை

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகச் சுமார் 70 கி.மீ. காலை நாலே காலுக்குக் கிளம்பினால் ஆறரைக்கு ஊரில் இருக்கலாம். ஊரை ஒட்டியே 116 ஹெக்டேரில் நிற்கிறது லாங்வுட் சோலை. 1,800 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் தேயிலை, நடுவில் தீவு மாதிரி ஒரு பழைய காடு. கீழே உள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது இதுதான். 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவைகளில் 14 இங்கே இருப்பதாக அப்போது குறிப்பிட்டார்கள். இவ்வளவு சின்னப் பரப்புக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

இங்கே பார்க்க வேண்டியவை: நீலகிரி சோலைக்கிளி, நீலகிரி சிரிப்பான், நீலகிரி காட்டுப்புறா, கருப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான். பெயரில் நீலகிரி இருப்பதால் மட்டும் எல்லாம் நீலகிரிக்கே உரியவை என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுப்புறாவும் ஈப்பிடிப்பான்களும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயும் உண்டு. சோலைக்கிளியும் சிரிப்பானும் அப்படியில்லை. சுமார் 30 கி.மீ. அகலமுள்ள அந்தத் தாழ்ந்த இடைவெளியைக் குளிர்ந்த மலைக்காட்டுப் பறவைகளால் தாண்ட முடியாமல், வடக்கே ஒரு இனமும் தெற்கே வேறொரு இனமுமாகப் பிரிந்துவிட்டன. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இவற்றுக்கென்று 2017-இல் தனிப் பேரினம் வகுத்தபோது 'சோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். நம்ம 'சோலை' அறிவியல் பெயரிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

சோலைக்கிளியைப் பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அது கிளியே அல்ல. சிட்டைவிடக் கொஞ்சம் பெரிய, நீண்ட காலுள்ள குருவி. ஸ்லேட்டு நீல முதுகும் மார்பும், பக்கவாட்டில் செம்பழுப்பு, வயிற்று நடுவில் வெள்ளை. சோலையின் தரையில், ஓடை ஓரத்து ஈர இலைச் சருகில் தத்தித் தத்தி இரை தேடும். முழங்கால் உயரத்துக்கு மேலே அதைத் தேடுவது வீண். ஓடை வளைகிற ஒரு இடமாகப் பார்த்து, முதுகுக்கு ஒரு மரத்தை அணை கொடுத்து, இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, அப்போதுதான் எல்லோரும் நடையைக் கட்டுகிறார்கள். காலடி அதிர்வு நின்று பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனபிறகே அது சருகுக்குள்ளிருந்து வெளியே வரும். சருகு ஒரு பக்கம் மட்டும் கிளறப்படுகிற சின்னச் சத்தம் முதலில் கேட்கும். சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பழகுங்கள். மார்ச் முதல் மே வரை பாட்டு அதிகம் என்பதால் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். குளிர்காலத்தில் பொறுமை ஒன்றுதான் வழி.

சிரிப்பானுக்கு இந்தத் தவமெல்லாம் வேண்டாம். வெள்ளைப் புருவம், கருப்புத் தாடை, செம்பழுப்பு அடிப்பகுதி, யாரோ கேலியாகச் சிரிக்கிற மாதிரிக் குரல். சோலையின் உள்ளே தேடுவதைவிட ஓரத்தில், தேயிலையும் புதரும் சந்திக்கிற இடத்தில் நில்லுங்கள். தவிட்டுப்பழம் காய்த்த செடி இருந்தால் அங்கேயே அரை மணி நேரம். ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் சாதுவான பறவைதான், இடுப்பு உயரப் புதரில் நான்கைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். காட்டுப்புறாவுக்கு மட்டும் மேலே பார்க்க வேண்டும். கழுத்தின் பின்புறம் சதுரங்கப் பலகை மாதிரிக் கருப்பு வெள்ளைக் கட்டம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அக்டோபர் முதல் மார்ச் வரை போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு: காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் கழிக்கிற பறவை. ஆணின் சிவந்த மார்பில் இரு பக்கமும் கருப்புக் கரை ஓடும். பெண்ணை மற்றச் சிவப்பு ஈப்பிடிப்பான்களோடு குழப்பிக்கொள்வது மிகச் சுலபம். நல்ல படம் கையில் இல்லாமல் பட்டியலில் எழுதாதீர்கள்.

தப்பு எங்கே நடக்கும்? முதலாவது, இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. 2025 கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. விடியற்காலை இருட்டில் சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் இல்லாத போனில் பதிவு செய்ய முயன்றால் அந்த மூன்று மணி நேரத்தில் அரை மணி அங்கேயே போய்விடும். முந்தின நாளே பதிந்து, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி. எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், கூட வருவதற்கு ஆள் உண்டா என்பதை முன்கூட்டியே கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். அனுமதி தாமதமானால் முதல் ஒரு மணி நேரத்தைத் தேயிலை ஓரச் சாலையில் செலவிடுங்கள், சிரிப்பானும் காட்டுப்புறாவும் அங்கேயே கிடைக்கும். மூன்றாவது, காட்டெருமை. கோத்தகிரியில் அது காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை, தேயிலைப் பாத்திகளுக்கு நடுவிலும் நிற்கும். தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் திரும்பி உடம்பைக் காட்டினால் அது எச்சரிக்கை. படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். நான்காவது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். மாவட்டத்தில் தடை, சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

டாப்சிலிப்

பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக 80 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. உயரம் சுமார் 740 மீட்டர். அதாவது கோத்தகிரியில் உள்ள பறவைகளில் முக்கியமானவை இங்கே இல்லை, இங்கே உள்ளவை அங்கே இல்லை. இரண்டையும் "மலைக்காடு" என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் திட்டமிடலில் நடக்கும் மிகப் பெரிய பிழை. இது தேக்கும் மூங்கிலும் கலந்த இலையுதிர் காடு, நடுநடுவே கரியன் சோலை மாதிரிப் பசுமைமாறாத் துண்டுகள். தேக்கில் கணிசமான பகுதி ஆங்கிலேயர் காலத்தில் வெட்டித் தீர்த்த பிறகு நட்டு வளர்த்தது. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர்தான் டாப்சிலிப்.

பறவைப் பட்டியலைப் பார்த்தால் நான்கு இடங்களில் இதுதான் முதல். பெரிய இருவாச்சி, மலபார் சாம்பல் இருவாச்சி, தீக்காக்கை, வெண்வயிற்று வால்காக்கை, மலை மைனா, நீலச்சிறகுப் பைங்கிளி, மரங்கொத்திகளில் அரை டஜன் வகை, மூங்கிலில் தவளைவாயன். பிப்ரவரி, மார்ச்சில் தேக்கு இலை உதிர்த்து நிற்கும்போது மரங்கொத்தி பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

தீக்காக்கையைச் சொல்லாமல் போக முடியாது. ஆணுக்குக் கருப்புத் தலை, கழுத்தில் வெள்ளைக் கோடு, அதன்கீழே கொழுந்துவிட்டு எரிகிற சிவப்பு. இவ்வளவு பளிச்சென்ற பறவை எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? அது உங்களுக்கு முதுகைக் காட்டி உட்காரும். முதுகு பழுப்பு, பின்னால் இருக்கிற மரப்பட்டையும் பழுப்பு. நடுத்தர உயரத்தில், கிளைகள் குறுக்கிடாத வெற்றிடத்தில், கொடியிலோ கிடைமட்டக் கிளையிலோ நிமிர்ந்து ஐந்து பத்து நிமிடம் அப்படியே இருக்கும். மெல்லிய "க்யூ... க்யூ" கேட்டதும் சத்தத்தை நோக்கி நடக்கக் கூடாது. நின்று, தரையிலிருந்து மூன்று முதல் ஆறு மீட்டர் உயரம் வரை ஒவ்வொரு கிடைக்கிளையையும் இடமிருந்து வலமாகத் துழாவுங்கள். தலை மட்டும் மெதுவாகத் திரும்புவதுதான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கிற ஒரே அசைவு.

இன்னொன்று, கலவைக் கூட்டம். இந்த மாதிரிக் காட்டில் இருபது நிமிடம் ஒரு பறவைகூட இருக்காது. திடீரென்று மரமெல்லாம் அசையும். மின்சிட்டு, பச்சைச்சிட்டு, ஈப்பிடிப்பான், மரங்கொத்தி, கூடவே துடுப்புவால் கரிச்சான் என்று பத்துப் பன்னிரண்டு வகை ஒன்றாக இரை தேடிக்கொண்டு நகரும். அது உங்களைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகலாம். முதலில் கண்ணில் பட்ட அழகான பறவையிலேயே தொலைநோக்கியை ஒட்டவைத்துக்கொண்டால் மற்ற பதினொன்று போய்விடும். ஒரு பறவைக்கு மூன்று வினாடி, அடுத்தது. கரிச்சானின் சத்தம் எங்கே போகிறதோ கூட்டமும் அங்கேதான் போகிறது என்பதால், தவறவிட்டால் அந்தச் சத்தத்தைப் பின்தொடரலாம். ஒரு எச்சரிக்கை: மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடுவதில் கரிச்சான் கில்லாடி. குரலை மட்டும் நம்பிப் பட்டியல் எழுதாதீர்கள்.

இவ்வளவும் இருந்தும் டாப்சிலிப்புக்கு முதலிடம் கொடுக்க முடியவில்லை. காரணம், நுழைவு கேட். இது புலிகள் காப்பகம். சேத்துமடைச் சாவடியைத் திறந்து, பெயர் எழுதி, பணம் கட்டி, மலையேறி, மேலே மறுபடி வழிகாட்டிக்குக் காத்திருந்து, காட்டுக்குள் கால் வைக்கும்போது வெயில் வந்திருக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி கேட்டிலேயே காலி. நடைப்பயணத்துக்கு முன்பதிவு உறுதியாகாமல் போகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது வேன் சவாரி. பறவைக்கு அது ஆகாது: என்ஜின் சத்தம், கூட இருப்பவர்களுக்குப் புலியோ யானையோ வேண்டும், தீக்காக்கைக்காக யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். வேன்தான் கிடைக்கும் என்றால் அதை விட்டுவிட்டு, வரவேற்பு மையத்தை ஒட்டிய புல்வெளியின் ஓரத்திலேயே அனுமதித்த எல்லைக்குள் காலை முழுவதும் நிற்பது மேல். திறந்த வெளியும் காடும் சந்திக்கிற இடம் அது. பைங்கிளி, மலை மைனா, மரங்கொத்தி, யோகம் இருந்தால் இருவாச்சி எல்லாம் தலைக்கு மேலேயே போகும்.

நடை கிடைத்துவிட்டால் கூட வருகிறவர் பெரும்பாலும் காடர் அல்லது மலசர் சமூகத்துக்காரராக இருப்பார். "புலி வருமாண்ணா?" என்று ஆரம்பிக்காமல், "இருவாச்சி இப்ப எந்த ஆலமரத்துக்குண்ணா வருது?" என்று கேட்டால் நடையின் திசையே மாறும். பழம் பழுத்த அத்தி இனத்து மரம் ஒன்று தெரிந்தால், எட்டு கி.மீ. நடப்பதைவிட அதன் அடியில் ஒரு மணி நேரம் உட்காருவது லாபம். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மலையேற்றத்தை நிறுத்திவைப்பதுண்டு என்பதையும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வால்பாறை

105 கி.மீ. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. விடியலுக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் மூன்று மணிக்குக் கிளம்பி, இருட்டிலும் மூடுபனியிலும் யானை நடமாடும் பாதையில் ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஆழியாறு சாவடியில் விடுவார்கள் என்று நம்பிக் கிளம்புவதும் சரியில்லை. நம் அளவுகோலில் இது தோற்க வேண்டிய இடம்.

ஆனால் தோற்கவில்லை, பெரிய இருவாச்சியால். ஒரு மீட்டர் நீளப் பறவை, பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து பறக்கிறது, சிறகடிப்பு தூரத்து ரயில் என்ஜின் மாதிரிக் கேட்கிறது. அதற்கு விடியல் கட்டாயமில்லை, பதினோரு மணிக்கும் பழமரத்துக்கு வரும். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக விட்டுவைத்த மழைக்காடுகள் சாலை ஓரத்திலேயே இருப்பதால், வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தார் ரோட்டில் நின்றே பார்க்கலாம். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி கூட்டமும் உண்டு. ஜனவரி, பிப்ரவரி தொடங்கிக் கோடைவரை கூடு கட்டும் காலம். பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு உட்கார, ஆண் பழம் சுமந்து வருகிற போக்குவரத்து தெரியும். பொந்து எங்கே என்று தெரிந்தாலும் அதன் அடியில் போய் நிற்காதீர்கள். ஆண் இறங்கத் தயங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற குஞ்சுக்கு ஒரு வேளை உணவு இல்லாமல் போகிறது.

ஆகவே வயதானவர்கள், குழந்தைகள் கூட வந்தால், நாலு மணிக்கு எழுப்ப முடியாத கூட்டமென்றால், வால்பாறை. ஒரே பெரிய பறவை எல்லோருக்கும் தொலைநோக்கி இல்லாமலே தெரியும். சின்னச் சின்னக் காட்டுப்பறவைகளைத் தேடுகிறவர்கள் ஒரு இரவு தங்குகிற மாதிரி வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கமே வேண்டாம். சின்னக்கல்லார் தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழையில் தொலைநோக்கி வேலைக்கு ஆகாது, அட்டை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனைகட்டி

முப்பது கி.மீ. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினாலும் விடியலுக்குள் சேர்ந்துவிடலாம். மூன்று மணி நேரமும் முழுசாகக் கையில் இருக்கிற ஒரே இடம் இதுதான். அரிய பறவை என்றதும் இதை யாரும் நினைப்பதில்லை. சாலிம் அலி பறவையியல் மையம் அமைந்திருப்பதே இங்கேதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். (அந்த வளாகம் ஆய்வு நிலையம், நினைத்தபோது நுழைந்து சுற்றிப் பார்க்கும் பூங்கா இல்லை.)

இது வறண்ட இலையுதிர் காடும் முட்புதரும். நவம்பர் முதல் மார்ச் வரை ஆறுமணிக்குருவி வந்திருக்கும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் அந்தப் பெயர். ஒன்பது நிறமும் கொண்ட அந்தக் குண்டுக் குருவி புதருக்கடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்; விசில் கேட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, புதரின் அடிப்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். நின்றபடி பார்த்தால் இலைதான் தெரியும். நீண்ட வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான், மாம்பழச்சிட்டு, சின்ன மின்சிட்டு, நிழலான பாதையில் நடந்து இரை பொறுக்கும் மரகதப்புறா என்று குளிர்காலக் காலை ஒன்று நன்றாகவே நிறையும். மரகதப்புறா நம் மாநிலப் பறவை என்றாலும் அதை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு. பலருக்கும் தெரிந்தது பாதையிலிருந்து விருட்டென்று கிளம்பிப் போகும் ஒரு பச்சைக் கோடுதான்.

குறை இரண்டு. மலைக்கே உரிய இனங்கள் இங்கே மிகக் குறைவு. யானை மிக அதிகம். மாங்கரையிலிருந்து மேலே சாலை ஓரம் முழுவதும் யானை வழித்தடம். விடியற்காலை மங்கலில் முட்புதருக்குள் பத்து மீட்டரில் நிற்கிற யானை தெரியாது. ஆறே முக்காலுக்கு முன் வண்டியைவிட்டு விலகாதீர்கள், இரண்டு பேருக்குக் குறைவாக நடக்காதீர்கள், காதில் இயர்போன் வேண்டாம். கிளை முறிகிற சத்தமும் புதுச் சாணமும் இருந்தால் அந்தப் பக்கத்தை அன்றைக்கு மறந்துவிடுங்கள். பொதுச் சாலையையும் கிராமப் பாதையையும் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது 1882 வனச் சட்டப்படி குற்றம். "பத்தடிதான் உள்ளே போனேன்" என்பது எடுபடாது.

அமைதிப் பள்ளத்தாக்கையும் தட்டேக்காட்டையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அமைதிப் பள்ளத்தாக்கில் முக்காலி என்ற ஊரிலிருந்து 23 கி.மீ. ஜீப்பில்தான் போக வேண்டும், வண்டி புறப்படும்போதே வெயில் வந்திருக்கும். காடு அற்புதம், பறவைக்கான ஒரு நாள் அது அல்ல. கோதமங்கலம் பக்கத்துத் தட்டேக்காடு, தவளைவாயனுக்கும் ஆந்தைகளுக்கும் தென்னிந்தியாவின் முதன்மையான இடங்களில் ஒன்று. ஆனால் கோவையிலிருந்து போய்வர ஒரு நாள் போதாது, முந்தின இரவே அங்கே தங்க வேண்டும்.

கையில் என்ன

தொலைநோக்கியில் 8×42-ஆ 10×42-ஆ என்ற கேள்விக்கு, இந்தக் காடுகளைப் பொறுத்தவரை தயங்காமல் 8×42 (முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மி.மீ.யில்). கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் என்பது 42-ஐப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது: எட்டுக்கு 5.25 மி.மீ., பத்துக்கு 4.2 மி.மீ. சோலையின் இருட்டில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் நீலமும் கருப்பும் வேறு வேறாகத் தெரிவதற்கும் தெரியாததற்கும் இடையில் நிற்கிறது. எட்டில் பார்வைப் பரப்பும் பொதுவாக அகலம் என்பதால், இலைக்குள் தாவுகிற குருவியைச் சீக்கிரம் பிடிக்கலாம். பத்து, வால்பாறைப் பள்ளத்தாக்குக்கு நல்லது. குறைந்தபட்சக் குவியத் தூரம் இரண்டு மீட்டர் வாக்கில் இருக்கட்டும். ஆரஞ்சு ஈப்பிடிப்பான் சில சமயம் அவ்வளவு பக்கத்திலேயே வந்துவிடும்.

கோத்தகிரி போகிறவர்களின் முதல் அரை மணியைக் கெடுப்பது தொலைநோக்கிக் கண்ணாடியில் படியும் ஆவி. பத்து டிகிரி ஈரக்காற்றில் லென்ஸ் குளிர்ந்துவிட்டால், வெளியே விடுகிற மூச்சே அதில் படிந்துவிடும். ஈரச் சட்டை முனையால் துடைத்தால் இன்னும் மங்கும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும்.

கேமராவுக்கு ஃபிளாஷ் வேண்டாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எல்லை காக்க ஓடிவரும் ஆண் பறவை இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடித் திரியும். லாங்வுட் மாதிரி 116 ஹெக்டேர் காட்டில் வாராவாரம் வருகிறவர்கள் எல்லோரும் அதையே செய்தால், பறவை அந்த ஓடை வளைவையே விட்டுவிட்டுப் போகும்.

டாப்சிலிப்பிலும் வால்பாறையிலும் மழைக்காலத்தை ஒட்டிப் போனால் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை. இல்லாவிட்டால் உப்பைத் துணியில் முடிந்து, நனைத்து, காலணி மேலே தேய்த்துக்கொள்ளலாம். வறண்ட மாதங்களில் ஆனைகட்டியில் அட்டைக்குப் பதில் உண்ணி. வீடு திரும்பியதும் இடுப்புப் பட்டை, முழங்கால் மடிப்பு இரண்டையும் பாருங்கள்.

மாதத்தை வைத்துப் பார்த்தால்

டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை கோத்தகிரிதான், முதல் முறை போகிறவருக்கும் பத்தாவது முறை போகிறவருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பாட்டு உச்சம், கூட்டமும் உச்சம்; செவ்வாய் அல்லது புதன்கிழமை கிடைத்தால் போங்கள், ஞாயிறு என்றால் இறங்கும்போது மேட்டுப்பாளையம் வரை வண்டி ஊர்ந்துதான் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையும் டாப்சிலிப்பும் நனைந்து கிடக்கும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே மழைமறைவில் இருப்பதால் கோத்தகிரிக்கு அப்போதும் பாதகமில்லை. அக்டோபர், நவம்பர் அதற்கு நேர் எதிர்: வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில்தான் அடிக்கும், கோத்தகிரிச் சாலையில் மண் சரியும். அந்த இரண்டு மாதமும் மழை விட்ட காலையாகப் பார்த்து ஆனைகட்டி. வலசை வந்து இறங்குகிற ஆறுமணிக்குருவிகளுக்கும் அதுதான் பருவம். டாப்சிலிப்பை, நடைக்கான முன்பதிவு உறுதியாகிக் கையில் இருக்கிற ஜனவரி வார நாள் ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்கு ஒரு நேர ஒழுங்கு: 4.15 கிளம்பல். 6.30 தேயிலை ஓரம், சிரிப்பானும் காட்டுப்புறாவும். 7.15 சோலைக்குள், ஓடை வளைவில் முதல் இருபது நிமிட நிற்பு. அதன்பின் ஒரு மணிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் நடக்காமல் 9.45 வரை. சாப்பாடு அதற்குப் பிறகுதான். ஏழரைக்கு டிபனுக்காக ஊருக்குள் போகிற கூட்டம் திரும்பி வரும்போது சோலைக்கிளி சருகுக்குள் போயிருக்கும். பதினொன்றுக்கு இறங்கத் தொடங்கினால், பிற்பகல் மூடுபனி சாலையை மூடுமுன் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம்.